அருவி கடைசியில்: நயாகரா திராட்சைத் தோட்டங்கள் வழியே ஒரு நாள் கார்ப் பயணம்

டொராண்டோ, ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஊரிலிருந்து விருந்தாளி வந்து இறங்கினால், அடுத்து வரும் சனிக்கிழமை நயாகராவுக்குத்தான். பத்தரை மணிக்குக் கிளம்பி, நெடுஞ்சாலையில் ஊர்ந்து, அருவிக்கு எதிரே பார்க்கிங் தேடி மூன்று சுற்றுச் சுற்றி, ஒருவழியாக இறங்கும்போது உச்சி வெயில். பத்துப் படம், புளியோதரை, ஒரு காப்பி. நான்கு மணிக்குத் திரும்பும் வண்டியில் பாதிப் பேர் தூக்கம். வழியில் இருபுறமும் இருந்த திராட்சைத் தோட்டங்களும், அருவிக்கு வடக்கே நீளும் ஆற்றுப் பள்ளத்தாக்கும் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இந்த அத்தியாயம் அந்தப் பயணத்தைத் தலைகீழாகப் போடுகிறது. வடக்கே ஏரிக்கரையில் தொடங்கி, ஆற்றோரமாகவே தெற்கே இறங்கி, அருவியை மாலைக்கு வைக்கிறது. காரணங்கள் எளிமையானவை. ஒயினரிகள் பெரும்பாலும் மாலை ஐந்து, ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடும். அருவிக்குக் கதவு கிடையாது. கனடாக் கரையில் நிற்பவருக்குப் பிற்பகல் சூரியன் முதுகுப் பக்கம் வருவதால் சாரலில் வானவில் தெரிவதும் அப்போதுதான். ஒயின் ருசி பார்ப்பது மதியத்துக்குள் முடிந்துவிடும் என்பது மூன்றாவது காரணம். பாதுகாப்பைப் பொறுத்தவரை அதுவே முதல் காரணம்.

பாடம் ஒரே ஒரு பத்தி

இவ்வளவு குளிர்நாட்டில் திராட்சை எப்படி என்று விருந்தாளி கேட்பார். ஒன்டாரியோ ஏரி கோடையில் வாங்கிய வெப்பத்தைக் குளிர்காலம் வரை மெல்ல மெல்ல விடுகிறது. ஏரிக்குத் தெற்கே சுவர்போல ஓடும் நயாகரா மலைச்சரிவு ஏரிக்காற்றைத் தடுத்துத் திருப்பி, உறைபனி ஓரிடத்தில் தேங்கவிடாமல் செய்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள பட்டையான நிலம்தான் தோட்டங்கள். இதே சரிவின் விளிம்பிலிருந்துதான் அருவியும் விழத் தொடங்கியது. சுமார் 12,500 ஆண்டுகளுக்கு முன் அது இன்றைய குயின்ஸ்டன் ஊர் அருகே விழுந்தது. பாறையை அரித்து அரித்து 11 கி.மீ. தெற்கே நகர்ந்து இப்போதைய இடத்துக்கு வந்திருக்கிறது. வடக்கிலிருந்து தெற்காக வண்டி ஓட்டுகிறவர் அருவி வந்த வழியிலேயே வருகிறார்.

எப்போது போகலாம்

மே முதல் அக்டோபர் வரை. மே முதல் பாதியில் பீச் மரங்கள் பூத்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் சாலையோரக் கடைகளில் செர்ரியும் பீச்சும் குவிந்திருக்கும். செப்டம்பரில் திராட்சை அறுவடை. ஒரே ஒரு மாதத்தைத்தான் சொல்ல வேண்டுமென்றால் செப்டம்பர்: வெயில் தணிந்திருக்கும், கொடிகளில் குலைகள் தொங்கும், பள்ளிகள் திறந்துவிட்டதால் வார நாட்களில் கூட்டமும் குறைவு. செவ்வாய், புதன், வியாழன் மூன்றும் உத்தமம். நீண்ட வார இறுதிகளைத் தொடவே வேண்டாம்.

தண்ணீரின் அளவுக்கும் அட்டவணை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மின்சாரத்துக்காக இரு நாடுகளும் ஆற்று நீரைத் திருப்பிக்கொள்கின்றன. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 8 மணியிலிருந்து இரவு 10 மணி வரையும், செப்டம்பர் 16 முதல் அக்டோபர் 31 வரை இரவு 8 மணி வரையும் வினாடிக்குக் குறைந்தது 2,832 கன மீட்டர் நீர் அருவியில் விழ வேண்டும். மற்ற நேரங்களில், குளிர்காலம் முழுவதும் உட்பட, அதில் பாதி போதும். ஆகவே கோடை மாலையில் போகிறவர் எதையும் இழப்பதில்லை.

முந்தைய வாரமே முடிக்க வேண்டியவை

1. வண்டி ஓட்டப் போவது யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அவர் அன்று ஒயினைத் தொட மாட்டார்.
2. இரண்டு ஒயினரிகளைத் தேர்ந்தெடுத்து இணையத்தில் நேரம் முன்பதிவு செய்யுங்கள். ஆறு பேருக்கு மேல் என்றால் தொலைபேசியில் பேசிவிடுவது நல்லது. முன்பதிவில்லாத பெரிய குழுவைப் பல இடங்களில் உள்ளே விடுவதில்லை.
3. முன்பதிவு செய்யும்போதே இரண்டு கேள்விகள் கேளுங்கள்: பாட்டில் வாங்கினால் ருசிக் கட்டணம் கழிக்கப்படுமா? குழந்தைகளை அழைத்து வரலாமா?
4. ஒன்டாரியோவில் மது அருந்தும் வயது 19. இளமையாகத் தெரிகிறவர்கள் புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டையை எடுத்து வையுங்கள்.
5. ஊரிலிருந்து வந்த மச்சானோ தம்பியோ ஓட்டுவதாக இருந்தால், மூன்று மாதத்துக்குள் சொந்த நாட்டு உரிமத்தோடு ஓட்டலாம். சர்வதேச உரிமமும் கையிலிருந்தால் வாடகைக் கார் நிறுவனத்தில் பேச்சு குறையும்.
6. ஒரு குளிர்பெட்டி, ஐஸ் பொதி, காலுக்குப் பிடிப்பான ஷூ, மெல்லிய மழைச்சட்டை, தண்ணீர். பாதையின் வரைபடத்தை ஃபோனில் இணையமில்லாமலும் திறக்கும்படி இறக்கி வையுங்கள். இதன் காரணம் பின்னால் வருகிறது.

காரோட்டுபவருக்கு மட்டும்

‘ஒரு வாய்தானே, ஒன்றும் ஆகாது’ என்று யாராவது சொல்வார்கள். அவருக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம். ஒரு ஒயினரியில் நான்கு மாதிரிகள், ஒவ்வொன்றும் இரண்டு அவுன்ஸ் என்று ஊற்றினால் மொத்தம் ஏறத்தாழ 240 மி.லி. கனடாவில் ஒரு ‘டிரிங்க்’ என்று கணக்கிடுவது 12 சதவீத ஒயின் 142 மி.லி. ஆக, முதல் நிறுத்தத்திலேயே ஒன்றே முக்கால் டிரிங்க் நெருங்கிவிட்டது. இரண்டாவது நிறுத்தத்தில் மூன்றைத் தாண்டிவிடும்.

ரத்தத்தில் ஆல்கஹால் 0.08ஐத் தொட்டால் குற்றவியல் வழக்கு. 0.05இலிருந்தே ஒன்டாரியோவில் உரிமத்தை அந்த இடத்திலேயே நிறுத்தி வைப்பார்கள். முதல் தடவைக்கே சில நாள். 21 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கும், ஜி1, ஜி2 என்ற தொடக்கநிலை உரிமக்காரர்களுக்கும் அளவு பூஜ்யம். சட்டப்படி நிறுத்திய எந்த வண்டியிலும், சந்தேகம் ஏதுமில்லாமலே, ஓட்டுநரை ஊதச் சொல்லப் போலீசுக்கு அதிகாரம் உண்டு.

குடியுரிமை வாங்காதவர்களுக்கு இன்னொன்று. 2018 டிசம்பரில் இந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனை பத்தாண்டுகளாக உயர்த்தப்பட்டது. முதல் முறை பிடிபட்டவருக்கு யாரும் பத்தாண்டு சிறை தரப்போவதில்லை. ஆனால் குடிவரவுச் சட்டம் பார்ப்பது அந்த அதிகபட்சத்தை. அதன் கணக்கில் இது ‘கடுமையான குற்றம்’. நிரந்தர வதிவிடம் பெற்றவர்கூட அதை இழக்கும் நிலை வரலாம். நாலு வாய் ரீஸ்லிங் ஒயினுக்கு அது கட்டுப்படியாகாது.

யாருமே விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்றால் நயாகரா-ஆன்-தி-லேக்கில் வேனோடும் சைக்கிளோடும் ஒயினரி சுற்றுலா நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். காரை ஊரில் நிறுத்திவிட்டு அந்தப் பகுதியை மட்டும் அவர்களிடம் ஒப்படைக்கலாம். மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போகிறவர் அப்போதும் குடிக்காதவராகத்தான் இருக்க வேண்டும்.

பாதை: நிறுத்தம் நிறுத்தமாக

டொராண்டோ மையத்திலிருந்து அருவிக்கு 130 கி.மீ. சுற்றுவழியையும் சேர்த்து போய்வர 300 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்; ஸ்காபரோக்காரர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

1. காலை 7:00, கிளம்புதல். டாங்கை முந்தின இரவே நிரப்பியாயிற்று என்று கொண்டு, குயின் எலிசபெத் வே எனும் கியூ.ஈ.டபிள்யூ. நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். 407 வழியே போனால் விரைவு. அங்கே சுங்கச் சாவடி கிடையாது. கேமரா நம்பர் பிளேட்டைப் படமெடுக்கும், பில் வீட்டுக்கு வரும். வாடகைக் காரானால் அந்த நிறுவனம் தன் பங்குக்கு ஒரு கட்டணமும் சேர்க்கும்.

2. காலை 9:00, பால்ஸ் ஃபால்ஸ். வைன்லேண்ட் அருகே விக்டோரியா அவென்யூவுக்கான 57ஆம் எக்ஸிட்டில் இறங்கித் தெற்கே சில நிமிடம். ட்வென்டி மைல் ஓடை இங்கே இரண்டு அருவிகளாக விழுகிறது. கீழருவி ஏறத்தாழ 27 மீட்டர். வசந்தத்தில் கொட்டும், ஆகஸ்டில் நூலாக வழியும் நாட்களும் உண்டு, ஏமாறக்கூடாது. பழைய மாவு ஆலையும் சிறிய தேவாலயமும் உள்ள இடம். நுழைவுக் கட்டணம் உண்டு. கொண்டுவந்த இட்லியையும் மிளகாய்ப்பொடியையும் இங்கேயே முடித்துவிட வேண்டும். வெறும் வயிற்றோடு ஒயினரிக்குள் யாரும் நுழையக்கூடாது.

3. காலை 11:00, முதல் ஒயினரி. மறுபடி கியூ.ஈ.டபிள்யூ. ஏறி, செயின்ட் கேதரின்ஸ் நகரில் வெல்லண்ட் கால்வாய்க்கு மேலே போகும் உயர்ந்த பாலத்தைக் கடந்து, நயாகரா-ஆன்-தி-லேக் பக்கம் இறங்க வேண்டும். நயாகரா ஸ்டோன் ரோடு நெடுகிலும் ஜாக்சன்-ட்ரிக்ஸ், ட்ரியஸ், ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியின் பெயரில் உள்ளது என்று பெரிய ஒயினரிகள் இருக்கின்றன. காட்சிக்கென்று போகிறவருக்குப் பொருத்தம் லேக்ஷோர் ரோட்டில் உள்ள கொன்செல்மன். திராட்சை வரிசைகள் ஏரியை ஒட்டியே நிற்கின்றன. ஏரி வெப்பம் தருகிறது என்ற பாடத்தை அங்கே கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

4. மதியம் 12:00, ஏரிக்கரை. நயாகரா-ஆன்-தி-லேக் ஊரின் குயின் தெரு அழகானது, கூட்டமானது, பார்க்கிங் மீட்டர் கறாரானது. அரை மணி நேரம்தான் இருக்கிறது என்பவர்கள் கடைவீதியை விட்டுவிட்டு ஆறும் ஏரியும் சேருமிடத்தில் உள்ள குயின்ஸ் ராயல் பூங்காவுக்குப் போகலாம். எதிர்க்கரையில் அமெரிக்காவின் நயாகரா கோட்டை. வானம் தெளிவாக இருந்தால் ஏரிக்கு அப்பால் சி.என். கோபுரம் தீக்குச்சியளவில் தெரியும். காலையில் கிளம்பிய ஊர் அது.

5. மதியம் 12:45, இரண்டாவது ஒயினரி. இங்கிருந்து நயாகரா பார்க்வே தொடங்குகிறது. வின்ஸ்டன் சர்ச்சில் 1943இல் வந்துபோய்ப் புகழ்ந்த சாலை. லாரிகளில்லாத, ஆற்றை ஒட்டிய இரண்டு தட வழி. அதன்மேலேயே இன்னிஸ்கிலின் ஒயினரி. இதைப் பற்றிக் கீழே தனியாக.

6. பிற்பகல் 1:40, குயின்ஸ்டன் ஹைட்ஸ். சாலை திடீரென்று மலைச்சரிவில் ஏறும். மேலே புல்வெளி, மேசைகள், கழிப்பறை. சாப்பாட்டுக்கு இதைவிட நல்ல இடம் வழியில் இல்லை. 1812 அக்டோபர் 13 அன்று நடந்த போரில் விழுந்த தளபதி ஐசக் பிராக்கின் நினைவாக 56 மீட்டர் தூண் நிற்கிறது. உள்ளே 235 படிகள். டொபர்மோரி வரை சுமார் 900 கி.மீ. நீளும் புரூஸ் நடைபாதையின் தென்முனையும் இங்குதான். அதில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து ‘புரூஸ் டிரெயில் போனேன்’ என்று சொல்லிக்கொள்வதில் தப்பில்லை.

7. பிற்பகல் 2:45, நயாகரா கிளென். வழியில் 12 மீட்டர் அகல மலர்க்கடிகாரம் வரும். 1950இலிருந்து ஓடுகிறது, ஐந்து நிமிடம் போதும். கிளென்னுக்கு ஒன்றேகால் மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். இரும்புப் படிக்கட்டில் இறங்கினால் அருவி கடந்துபோனபோது உடைந்து விழுந்த வீட்டளவுப் பாறைகள், அவற்றின் மேல் பாசி, நடுவே காட்டுப்பாதை, கடைசியில் பச்சை நிறத்தில் பாய்கிற ஆறு. மூட்டுவலி உள்ளவர்கள் இதற்குப் பதிலாக லிஃப்டில் இறங்கிப் பலகைப்பாதையில் நடக்கும் ஒயிட் வாட்டர் வாக்குக்குப் போகலாம்.

8. மாலை 4:20, வேர்ல்பூல். ஆறு செங்கோணமாகத் திரும்பும் இடத்தில் நீர் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. மின்நிலையங்கள் இரவில் நிறைய நீரை எடுத்துக்கொள்ளும்போது சுழலின் திசையே மாறிவிடும். மேலே தொங்கும் கம்பிவட வண்டி ஸ்பானியப் பொறியாளர் லியோனார்தோ டோரெஸ் கெவேதோ வடிவமைத்து 1916இல் திறந்தது. அன்று ஓடுகிறதா என்று காலையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

9. மாலை 5:00, அருவி. டேபிள் ராக்குக்கு நேர் எதிரே நிறுத்த முயல வேண்டாம். சற்றுத் தெற்கே ஃப்ளோரல் ஷோஹவுஸ் பக்கம் நிறுத்திவிட்டு ஆற்றோரமாக நடந்தால், அருவிக்கு மேலே நுரைத்துப் பாயும் நீரையும் சேர்த்துப் பார்க்கலாம். கனடாப் பக்கத்து குதிரைலாட அருவி 57 மீட்டர் உயரம், விளிம்பு சுமார் 670 மீட்டர். படகில் போவதா, அருவிக்குப் பின்னால் உள்ள சுரங்கமா என்று குடும்பத்தில் விவாதம் நடக்கும். இரண்டையும் செய்தவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: 1905இல் தொடங்கி 2006இல் நின்ற பழைய மின்நிலையம். லிஃப்டில் 55 மீட்டர் இறங்கி, தண்ணீர் வெளியேறிய 670 மீட்டர் சுரங்கத்தில் நடந்தால் அருவியின் காலடியில், ஆற்று மட்டத்தில் போய் நிற்கலாம். இந்தச் சுரங்கத்தை 2022இல்தான் மக்களுக்குத் திறந்தார்கள். கடைசி நுழைவு நேரத்தை மட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஒயினரிக்குள் என்ன செய்வது

ருசி மேசையில் முதல்முறை நிற்பவருக்கு ஒரு கூச்சம் இருக்கும். பக்கத்தில் நிற்பவர் கோப்பையைச் சுழற்றி, மூக்கை விட்டு, கண்ணை மூடி ஏதோ சொல்வார். அதையெல்லாம் நடிக்கத் தேவையில்லை. வரிசை மட்டும் முக்கியம்.

1. வீட்டிலிருந்து கிளம்பும்போதே சென்ட், அத்தர் தவிர்க்கவும். ஒருவர் பூசியது மேசையில் நிற்கும் எல்லாருடைய மூக்கையும் அடைத்துவிடும்.
2. இனிப்பில்லாத வெள்ளை, பிறகு சிவப்பு, கடைசியில் ஐஸ்ஒயின். முதலிலேயே ஐஸ்ஒயினைக் குடித்தால் பின்னால் வருவதெல்லாம் புளிக்கும்.
3. கோப்பையைத் தண்டில் பிடித்து, ஒரு சுழற்று, ஒரு முகர்வு, ஒரு சிறு மிடறு. வாயில் ஐந்து விநாடி.
4. மேசையில் இருக்கும் வாளி துப்புவதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். துப்புவதும் மீதியைக் கொட்டுவதும் அங்கே மரியாதைக் குறைவு இல்லை.
5. ஒவ்வொரு கோப்பைக்கும் நடுவில் தண்ணீர்.
6. பிடிக்கவில்லை என்றால் ‘இனிப்பு இதைவிடக் கொஞ்சம் தூக்கலாக ஏதும் இருக்கிறதா’ என்று கேட்கலாம். ஊற்றுகிறவரின் வேலையே அதுதான்.

காரமான சாப்பாட்டுக்கு வீட்டில் வைத்துக்கொள்ள வாங்குகிறவர்கள் லேசான இனிப்புள்ள ரீஸ்லிங்கைப் பார்க்கலாம். கோழிக்குழம்போடு நன்றாகப் போகும். சிவப்பில் கேபர்நே ஃப்ராங்க் இந்த மண்ணுக்கு நன்றாக வருகிறது. லேபிளில் வி.க்யூ.ஏ. என்ற முத்திரை இருந்தால் அது முழுக்க ஒன்டாரியோ திராட்சையில் செய்தது.

சைவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளை, மீனிலிருந்து எடுக்கும் பசை, ஜெலட்டின் போன்றவற்றைச் சில ஆலைகள் பயன்படுத்துகின்றன. லேபிளைப் பார்த்து இதை எப்போதும் கண்டுபிடித்துவிட முடியாது. மேசையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஐஸ்ஒயினுக்கு வருவோம். திராட்சையைக் கொடியிலேயே விட்டுவிடுகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் வெப்பநிலை மைனஸ் 8 டிகிரியோ அதற்குக் கீழோ இறங்கும் இரவுக்காகக் காத்திருந்து, உறைந்த பழத்தை உறைந்தபடியே பிழிகிறார்கள். நீர் பனிக்கட்டியாகப் பின்தங்கிவிட, சர்க்கரைச் சாறு மட்டும் சொட்டுச் சொட்டாக இறங்கும். சாதாரண ஒயினுக்குக் கிடைக்கும் சாற்றில் ஆறில், ஏழில் ஒரு பங்குதான் தேறும். 375 மி.லி. பாட்டிலுக்கு அந்த விலை அதனால்தான்.

இன்னிஸ்கிலின் இதில் முக்கியமான பெயர். டொனால்ட் சிரால்டோ, கார்ல் கைசர் இருவரும் 1975இல் உரிமம் வாங்கித் தொடங்கியது. 1983இல் ஐஸ்ஒயினுக்கென்று விட்டுவைத்த பழத்தைப் பறவைகள் தின்று தீர்த்தன. மறுவருடம் வலை கட்டி ஜெயித்தார்கள். 1989ஆம் ஆண்டு அறுவடையில் செய்த வைடல் ஐஸ்ஒயின் 1991இல் பிரான்சின் வினெக்ஸ்போ கண்காட்சியில் உயர்ந்த பரிசைப் பெற்றது. கனடா ஒயின் என்றால் சிரித்தவர்கள் அதற்குப் பிறகு சிரிப்பதை நிறுத்தினார்கள்.

அந்தப் பறவைகள் இன்றும் இருக்கின்றன. ஆகஸ்டுக்குப் பிறகு தோட்டத்தில் ‘டமார்’ என்று சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். பறவைகளை விரட்டும் எரிவாயு பீரங்கி. கொடிகளுக்கு நடுவே கம்பத்தின் உச்சியில் இரண்டு இறக்கையோடு நிற்பது காற்றாலை என்று பலர் விருந்தாளிக்கு விளக்குவார்கள். அது மின்சாரம் எடுப்பதற்கு இல்லை. உறைபனி இரவில் மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளும் விசிறி.

குறிப்பு: குடிக்காதவர்களும் குழந்தைகளும் சலித்துப்போவது இரண்டாவது ஒயினரியில்தான். அவர்களுக்காகச் சாலையோரப் பழக்கடையில் ஒரு கூடை பீச்சோ செர்ரியோ வாங்கிவிட்டால் அமைதி நிலவும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

*அமெரிக்காவுக்குள் போய்விடுவது.* 405ஆம் நெடுஞ்சாலை நேராகக் குயின்ஸ்டன்–லூயிஸ்டன் பாலத்தில் முடிகிறது; 420 ரெயின்போ பாலத்தை நோக்கிப் போகிறது. ‘யு.எஸ்.ஏ. பாலம்’ என்ற பலகை தெரிந்தும் ஜிபிஎஸ் சொல்கிறதே என்று அதே தடத்தில் நின்றால், திரும்ப வழியில்லாமல் எல்லை அதிகாரி முன்னால் நிற்க வேண்டியதுதான். கேள்விகள், காகிதங்கள், போன நேரம். விருந்தாளியின் பாஸ்போர்ட் வீட்டு அலமாரியில் இருந்தால் இன்னும் சிக்கல். ஆகவே ஜிபிஎஸ்ஸில் ‘நயாகரா ஃபால்ஸ்’ என்று மட்டும் தட்டக்கூடாது. அதே பெயரில் அக்கரையிலும் ஓர் ஊர் இருக்கிறது. ‘ஒன்டாரியோ’ சேர்த்துத் தட்ட வேண்டும்.

*ரோமிங் பில்.* பார்க்வேயில் போகும்போது ஃபோன் எதிர்க்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். கனடாவை விட்டு ஓரடி நகராதவருக்கும் அமெரிக்க ரோமிங் கட்டணம் விழும். ஏரிக்கரைக்கு வந்ததும் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட வேண்டும். வரைபடத்தை இறக்கி வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

*பாட்டிலைக் காரில் வைக்கும் விதம்.* திறந்த பாட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக்கூடாது. மூடிய பையில் போட்டு டிக்கியில் வைக்க வேண்டும். திறக்காத பாட்டிலும் வெயிலில் நின்ற காரின் டிக்கியில் வெந்துபோகும், கார்க் தள்ளிக்கொண்டு வரும். குளிர்பெட்டி அதற்குத்தான். பூங்காவில் உட்கார்ந்து திறக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது.

*ஆறு ஒயினரிப் பட்டியல்.* ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு ஆறு ஒயினரிகளை ஒரே நாளில் அடுக்குகிறவர்கள் உண்டு. மூன்றாவதற்குப் பிறகு நாக்குக்கு எதுவும் தெரியாது.

*ஊருக்கு எடுத்துப் போவது.* இந்தியாவுக்கு ஒருவர் வரியில்லாமல் கொண்டுபோகக்கூடியது 2 லிட்டர். ஐஸ்ஒயின் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையப் பாதுகாப்பில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். துணியில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் போக வேண்டும்.

பாதுகாப்பு: ஆற்றோரத்தில்

நயாகரா ஆறு மேலிருந்து பார்க்க அமைதியாகத் தெரியும் இடங்களிலும் இழுத்துக்கொண்டு போகும் ஆறு. கிளென்னின் அடியில் பாறைமேல் நின்று கால் நனைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும், கூடாது. குறியிட்ட பாதையை விட்டு விலகினால் மூன்று மூன்று இலையாக வளரும் விஷப்படர்கொடி உண்டு. தோலில் பட்டால் சில நாள் அரிப்பும் கொப்புளமும். இறங்க எடுத்த நேரத்தைப்போல ஒன்றரை மடங்கு ஏறுவதற்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஒயின் குடித்தவர்கள் சாப்பாடு முடிந்து தெளிவாக இருந்தால் மட்டும் இறங்கலாம். பனிக்காலத்தில் கிளென்னைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள்.

அருவி விளிம்பில் படத்துக்காகக் குழந்தையைத் தடுப்புச் சுவரின் மேல் உட்கார வைப்பதைத் தினமும் பார்க்கலாம். சாரலில் அந்தக் கல் எப்போதும் ஈரம். சுவருக்கு அந்தப் பக்கம் பிடிக்க ஒன்றுமில்லை.

தோட்டப் பகுதிச் சாலைகளில் மாலை நேரத்தில் சைக்கிளில் போகிறவர்களைக் கவனித்து ஓட்ட வேண்டும். பெரும்பாலும் மெக்சிகோ, ஜமைக்காவிலிருந்து பருவ வேலைக்கு வந்து அந்தத் திராட்சையையும் பீச்சையும் பறிக்கிற தொழிலாளர்கள். விளக்கில்லாத சாலை, ஓரத்தில் நடைபாதையும் கிடையாது. அறுவடைக் காலத்தில் டிராக்டர் முன்னால் போனால் ஹாரன் அடித்துப் பயனில்லை, பின்னாலேயே போக வேண்டியதுதான்.

திரும்பும் வழியும், நேரம் போதாதபோது வெட்டுவதும்

ஏழரைக்குக் கிளம்பினால் டொராண்டோ நோக்கிய நெரிசல் பெரும்பாலும் இளகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதற்கு விதிவிலக்கு. அன்று அருவியின் இரவு விளக்குகளையும் பார்த்துவிட்டு ஒன்பதரைக்கு மேல் கிளம்பலாம். நாள் முழுதும் ஓட்டியவருக்குக் காப்பி மட்டும் போதாது. மதியத்துக்குப் பிறகும் சொட்டுக்கூடத் தொடாத இன்னொரு உரிமக்காரர் வண்டியில் இருந்தால் பர்லிங்டனில் மாற்றிக்கொள்ளலாம்.

எந்த நாளும் அட்டவணைப்படி ஓடாது. ஒரு மணி நேரம் தாமதமானால் முதலில் பால்ஸ் ஃபால்ஸை விட்டுவிடுங்கள். ஆகஸ்ட் என்றால் தயங்கவே வேண்டாம். இரண்டு மணி நேரம் போய்விட்டால் இரண்டாவது ஒயினரியை ரத்து செய்ய முன்பே ஒரு ஃபோன் போட்டுவிடுங்கள். நயாகரா கிளென்னை மட்டும் வெட்டாதீர்கள். ஒயினை எந்த எல்.சி.பி.ஓ. மதுக்கடையிலும் வாங்கிக்கொள்ளலாம், அந்தப் பாறைகளுக்கு நடுவே நடக்க இங்கேதான் வர வேண்டும்.